சர்க்கார் உடைத்த அம்பாசடர்

மச்சான்,

இன்று காலையில் நான் கணக்குப் பார்க்கிற லாட்ஜ் வாசலில் ஒரு பழைய டீசல் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. புகை படியேறி என் மேசை வரைக்கும் வந்துவிட்டது. ரூம் காலி செய்துகொண்டிருந்த பெங்களூர்க்கார தம்பதி மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் மூச்சை நன்றாக இழுத்தேன். உம்ம சட்டையில் இருந்த வாடை அது. என் வீட்டுக்காரி, உம்ம தங்கச்சி, உம்மை வாசலிலேயே நிறுத்தி, "அண்ணே, கையைக் கழுவிட்டு இலையில உக்காரும்" என்று விரட்டுவாளே, அந்த வாடை. உடனே உம்ம ஞாபகம் வந்தது. அதோடு சேர்ந்து அந்தச் சண்டாளர்களின் ஞாபகமும் வந்தது, வேறென்ன செய்ய?

தம்பானூர் ரயிலடி டாக்சி ஸ்டாண்டில் உம்ம அம்பாசடர் நின்றிருந்த இடம் என் மேசையிலிருந்து நேராகத் தெரியும். திருநெல்வேலி வண்டி வந்தால் போதும், அரிசி மூட்டையும் பலாப்பழமும் கைக்குழந்தையுமாக இறங்குகிற நம்ம ஊர்க்காரக் கூட்டம் நேரே உம்மிடம்தான் வரும். ஆறு பேர் உள்ளே, மூட்டை மேலே, கிழவியின் வெற்றிலைப் பெட்டி உம்ம மடியில். வித்துரா தாண்டி எஸ்டேட் ரோட்டில் மற்றவன் ஏற யோசிக்கிற இடத்தில் நீர் சீட்டி அடித்துக்கொண்டு ஏறுவீர். அந்த ஒரு வண்டிதான் உம்ம வீட்டுச் சோறு, பிள்ளைகளின் படிப்பு, ஸ்டாண்டில் உமக்கு இருந்த மரியாதை எல்லாம்.

அப்போதுதான் வந்தது அந்தத் திட்டம். எண்ணெய் குடிக்கிற பழைய வண்டியைச் சர்க்காரிடம் ஒப்படைத்தால், சொட்டு எண்ணெயில் ஊரைச் சுற்றுகிற சின்னக் காருக்கு வரியில் சலுகை, கடனில் சலுகை. பழைய வண்டியை அவர்களே உடைத்துவிடுவார்களாம். ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுக்க வந்த பையன்கள் எல்லாருக்கும் கழுத்தில் டை. ஒருத்தனாவது வாழ்நாளில் ஒரு டயர் மாற்றியிருப்பானா? "மச்சான், இவனுவளுக்கு வண்டின்னா போட்டோவுல பாத்த சாமான். நம்பாதேயும்" என்றேன். நீர்தான் கேட்கவில்லை. "சர்க்காரு சொல்லுது மாப்ளே. புகையால சின்னப் பிள்ளைகளுக்கு இளைப்பு வருதாமே. நம்ம வண்டி விடுற புகை நமக்குத் தெரியாதா?" என்றீர். உமக்கு உண்மையாகவே உறுத்தியது. திட்டம் போட்டவர்களில் ஒருத்தனுக்குக்கூட அந்த உறுத்தல் இருந்திருக்காது என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

ஒப்படைத்த நாளை எப்படி மறப்பேன்? விடிந்ததும் வண்டியைக் குளிப்பாட்டினீர். சந்தனம், குங்குமம். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தீர். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினீர். அதுவரைக்கும் சரி. பிறகு நேரே பம்புக்குப் போய், டேங்க் நிறைய டீசல் அடிக்கச் சொன்னீரே, அப்போது எனக்குத் தலை சுற்றியது.

"வே மச்சான், கிறுக்கு பிடிச்சிருக்கா? உடைக்கப் போற வண்டிக்கு எதுக்கு ஓய் டீசல்?"

"இத்தனை வருசம் சோறு போட்டது மாப்ளே. வீட்டை விட்டுப் போறதை வெறும் வயித்தோட அனுப்பப்படாது."

கல்யாணம் கழிந்து புறப்படுகிற பெண்ணுக்குக் கடைசி வாய் ஊட்டுகிற மாதிரி நீர் பம்பில் நின்றீர்.

மைதானத்தில் பந்தல், மாலை, மைக். பெரிய ஆபீசர் ஒருத்தர் மலையாளத்தில் முழங்கினார். ஒவ்வொரு துளி எண்ணெயும் நாட்டின் ரத்தமாம். அவர் ரத்தத்தைப் பற்றிப் பேசி முடிக்கிற வரைக்கும், பந்தலுக்குப் பின்னால் அவருடைய ஜீப் ஆளில்லாமல் ஏசி ஓடிக்கொண்டு உறுமிக்கொண்டே நின்றது, இறங்கிவந்து ஏறும்போது சீட் குளுகுளுவென்று இருக்க வேண்டாமா? ஊருக்குத்தான் உபதேசம். கூட்டம் கலைவதற்குள் அந்த ஜீப்பின் டிரைவர் ஒரு டியூபைக் கொண்டுவந்து, உம்ம வண்டி டேங்கில் சொருகி, வாயால் உறிஞ்சி, கேன் கேனாக ஜீப்புக்கு ஊற்றினான். சாமிக்குப் படைத்ததை நாய் நக்குகிற மாதிரி இருந்தது எனக்கு. நான் பாய்ந்தேன். நீர் என் கையைப் பிடித்து இழுத்தீர். "போட்டும் மாப்ளே. யாரோ ஒருத்தன் வயித்துக்குத்தானே போவுது" என்றீர். உம்ம முகத்தை நான் பார்த்தேன். ஒரு அறை வாங்கின முகம்.

சின்னக் கார் வந்தது. நல்ல நிறம், நல்ல மைலேஜ். ஆனால் ரயிலடிக் கூட்டம் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுல ஆளு ஏறுமா, மூட்டை ஏறுமா?" என்று அடுத்த அம்பாசடருக்குப் போய்விடும். எஸ்டேட் ரோட்டில் அது அடி தட்டியது. உம்ம முறை வரும், போகும், வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். நோட்டீஸ் கொடுத்த டைக்காரன் ஒருநாள் வந்து, "சேட்டா, மைலேஜ் எங்ஙனெ உண்டு?" என்று இளித்தான். "ரொம்பக் கூடுதல் தம்பி. ஓடினாத்தானே எண்ணெய் செலவாகும்" என்று நீர் சொன்னதை ஸ்டாண்டே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நீர் சிரிக்கவில்லை. மூத்த மகளைக் காலேஜிலிருந்து நிறுத்தி ஒரு துணிக்கடையில் சேர்த்துவிட்டு வந்த வாரம் அது.

பிறகு வித்துரா. சொந்தக்காரர் புது வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போய்விட்டுச் சந்தையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். முதுகுக்குப் பின்னால் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆனது. தலையைத் திருப்பாமலே, "மாப்ளே, அது நம்ம ஆளு" என்றீர். திரும்பினால், உம்ம அம்பாசடர்! நம்பர் பலகை புதுசு, மேலே வாழைக்குலை, பின்னால் கரும்புகை. ஓட்டினவன் சின்னப்பையன், கள்ளமில்லாமல் சொன்னான்: "பொளிக்கான் கொண்டுவந்ததா சேட்டா. நல்ல வண்டியல்லே, ஆரு பொளிக்கும்?" உடைக்கத்தான் கொண்டுவந்ததாம், நல்ல வண்டியை யார் உடைப்பார்கள் என்கிறான். உடைக்கிற காண்டிராக்டரின் மச்சினன் விற்றுத் தள்ளிவிட்டதாம். நான் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தேன். நீரோ பானட்டைத் தூக்கி ஆயில் பார்த்துக்கொண்டிருந்தீர். "ஏத்தத்துல ரெண்டாவது கியர் மக்கர் பண்ணும் மோனே. வலிச்சு இழுக்காதே, கொஞ்சி விடு" என்று அவனுக்குப் பாடம் வேறு.

திரும்பி வரும்போது வழிநெடுக நான் ஏசினேன். "நிறுத்தும் வே. சின்ன வண்டி, இம்புட்டுக் கோவம் இதுல கொள்ளாது" என்றீர். அதற்கும் நான் விடவில்லை. மறுநாள் நேரே அந்தத் திட்டத்து ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த ஒரு தொப்பை, பைலைப் புரட்டிவிட்டு என்ன சொன்னது தெரியுமா? வண்டியை உடைத்தாகிவிட்டது, பதிவு இருக்கிறது, ஆகவே நான் வித்துராவில் பார்த்தது அந்த வண்டியாக இருக்க முடியாதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பார்த்திருக்கிறேன். ஓடுகிற காரையே காகிதத்தில் மறைக்கிறவனை அன்றுதான் பார்த்தேன். நான் போனதை உம்மிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்குத்தான் திட்டு விழும்.

அடுத்த மழைக்காலத்தில் நீர் ஸ்டாண்டுக்கு வருவதை நிறுத்தினீர். கேட்டவர்களிடம் முட்டுவலி என்றீர். முட்டுவலிக்காரர் தினமும் சாயங்காலம் சாலைக் கடைத்தெரு வரைக்கும் நடந்து போவாராக்கும்! வெட்கம் மச்சான், வெறும் வெட்கம். ஏமாற்றினவன் பொன்னாடை போர்த்திக்கொண்டு திரிகிறான், ஏமாந்தவர் தெருவில் தலை குனிந்து நடக்கிறார். இந்த ஊர் நியாயம் இது. நெஞ்சு வலி என்று உம்மை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும், கட்டிலில் படுத்துக்கொண்டு என்னையே தேற்றினீர். "அவனுவள விடும் மாப்ளே. அவனுவளுக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்."

தெரியாமலா செய்தார்கள்? எல்லாம் தெரிந்துதான் செய்தார்கள். நீர் பெரிய மனசுக்காரர். எல்லாரையும் மன்னித்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடினீர். உம்ம மூத்தவள் இன்றைக்கும் அந்தத் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே சேலை விரித்துப் போடுகிறாள், மாமா நல்லா இருக்கீங்களா என்று சிரிக்கிறாள். அவள் காலில் நரம்பு சுருண்டு கிடப்பதை நான் பார்க்கிறேன். மன்னிக்கச் சொல்லி நீர் சொன்ன வார்த்தையை இந்த ஒரு விஷயத்தில் என்னால் கேட்க முடியாது மச்சான். வீட்டில் ஒருத்தராவது மன்னிக்காமல் இருக்க வேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

உம்ம மாப்பிள்ளை