முப்பத்தெட்டுப் பேர்

அபிராமபுரம்,
16.1.1996

சான்ட்ரா டாடிக்கு,

பிரகாச மாதா தயவுல நாங்க மூணு பேரும் சுகம். நீங்க சுகமான்னு கேக்கவே வேணாம், உங்க கடுதாசியிலேயே தெரியுது. பொங்கல் லீவுக்குக்கூட வரலை. ஞாயித்துக்கிழமை மலை மேல டூரிஸ்டுகளுக்கு நீராவி ஸ்பெஷல் ஓடணுமே, கார்டு நீங்க இல்லாம எப்படி ஓடும்!

நாலு பக்கம் எழுதியிருக்கீங்க. கரி எஞ்சினுக்கு ஒண்ணரைப் பக்கம். வண்டியில மைக் பிடிச்சு விளக்கம் சொல்ற அந்த ஜலஜாவுக்கு ரெண்டு பக்கம். ஆஸ்வினுக்கு அம்மை போட்டிருந்ததை விசாரிச்சது ஒரே வரி. "நல்ல குரல்"னு வேற சர்டிபிகேட். பதினாலு வருஷமா கோயில் பாடற்குழுவுல முதல் வரிசையில நிக்கறேன், என் குரலைப் பத்தி உங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. எனக்குப் பொறாமைதான். வயிறு எரியுது. மறைச்சு எழுத எனக்கு வராது.

மார்ச் முப்பத்தொண்ணோட உங்க வேலை அங்க முடியுதில்ல? வந்துடுவீங்கதானே?

நோரா


மலையடிவாரம், ரயில்வே குவார்ட்டர்ஸ்,
22.1.1996

அன்புள்ள நோராவுக்கு,

உன் கோபத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. ஜலஜா எனக்குத் தங்கை மாதிரி. அவர் வந்த பிறகு என் வேலை பாதியாகிவிட்டது, அவ்வளவுதான்.

இங்கே நடப்பதை நீ ஒரு முறை பார்க்க வேண்டும். பாறையடி வளைவில் வண்டியை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிடுவோம். காலி வண்டி பின்னாலேயே போய் மறைந்துகொள்ளும். பிறகு விசில் அடித்து, புகையைக் கக்கிக்கொண்டு மறுபடி அதே இடத்துக்கு வரும். படம் பிடிப்பதற்காகவே இந்த ஓட்டம். நான் கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக் கொடியை ஆட்டுவேன், கேமராக்கள் அத்தனையும் என்னைப் பார்க்கும்! அப்புறம் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு ஜன்னலாகத் தொட்டு எண்ணுவேன். முப்பத்தெட்டு என்றால் முப்பத்தெட்டு. நானே எண்ணாமல் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. வழிப்போக்கர்களையே விடாதவன் உன்னை விட்டுவிடுவேனா?

பிப்ரவரி 11 நம் கல்யாண நாள் ஞாயிறாகப் போய்விட்டது. வர முடியாது, மன்னித்துக்கொள். இன்னொன்று. மேலும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கிறாயா என்று கேட்டு ஒரு தாள் வந்திருக்கிறது. உன் சம்மதம் இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன்.

பிள்ளைகளுக்கு முத்தம்.

உன்
இக்னேஷியஸ்


அபிராமபுரம்,
29.1.1996

சான்ட்ரா டாடிக்கு,

தங்கச்சியா? உங்களுக்குக் கூடப் பிறந்த தங்கச்சி ரெண்டு பேர் கே.கே. நகர்ல இருக்காங்க. அவங்க குரல் எப்படின்னு உங்களுக்குத் தெரியுமா?

ஒரு வருஷத்துக்கு என் சம்மதம் கிடையாது. சான்ட்ரா இப்பல்லாம் "டாடி எப்ப வருவார்"னு கேக்கறதையே விட்டுட்டா. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. நீங்க இல்லாம இருக்கப் பழகிட்டோம்னா அப்புறம் வந்து என்ன பிரயோஜனம், சொல்லுங்க.

பதினொண்ணாம் தேதி நீங்க வர வேணாம். போதும் சாமி, கொடியை ஆட்டுங்க.

நோரா


மலையடிவாரம்,
12.2.1996

அன்புள்ள நோராவுக்கு,

நேற்று முழுவதும் உன் நினைப்புதான். நம் கல்யாண நாள் என்று காலையில் ஜலஜாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பாறையடியில் எல்லோரும் இறங்கி நிற்கும்போது அவள் மைக்கில் அறிவித்துவிட்டாள். ஒரே கைதட்டல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ அங்கே இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

ஸ்பெஷல் பிரமாதமாக ஓடியது. எண்ணுகிற வேலையையும் இப்போது ஜலஜாவே பார்த்துக்கொள்கிறாள். முப்பத்தெட்டும் சரி என்றாள், கொடி காட்டினேன். ஒருவர் குறையாமல் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

தாளுக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள். கொஞ்சம் மனசு வைக்கக் கூடாதா?

உன்
இக்னேஷியஸ்


அபிராமபுரம்,
14.2.1996

சான்ட்ரா டாடிக்கு,

ஒருத்தர் குறைஞ்சாங்க. நான்தான்.

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு வஜீஹாகிட்ட விட்டுட்டு சனிக்கிழமை ரயில் ஏறினேன். பாண்டி பஜார்ல உங்க ஸ்பெஷலுக்கு டிக்கெட் எடுக்கும்போதே எங்க அப்பா பேரைப் போட்டேன், லிஸ்டுல பாத்தாலும் உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு. முதல் பெட்டி. நீங்க கடைசியில இருந்ததால என்னைப் பாக்கலை. பாறையடியில இறங்கினதும் முன்னால வந்து நிக்கணும், நீங்க திகைச்சுப் போகணும்னு ஆசை. பட்டுப் புடவை, கையில அச்சு முறுக்கு டப்பா. பைத்தியக்காரி மாதிரி.

மைக்ல நம்ம கல்யாண நாள்னு சொன்னதும் எனக்கும் கண் கலங்கிச்சு. ரெண்டு அடி எடுத்து வெச்சேன். அப்பதான் அவ உங்க கோட்டுல ரோஜா குத்தினா. நீங்க குனிஞ்சு நின்னு குத்திக்கிட்டீங்க. அதை உங்க கடுதாசியில காணோமே! என் கல்யாண நாளுக்கு அவ பூ குத்தறா, ஊரே கைதட்டுது. அப்படியே திரும்பிட்டேன். பாறைக்குப் பின்னால போய் மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டேன்.

படம் பிடிக்கற ஓட்டமெல்லாம் முடிஞ்சு, எல்லாரையும் ஏறச் சொல்லி விசில் சத்தம் கேட்டுது. ஓடி வந்திருந்தா ஏறியிருக்கலாம், பொய் சொல்ல மாட்டேன். வேணும்னேதான் நின்னேன். நீங்க ஜன்னல் ஜன்னலாத் தொட்டு எண்ணுவீங்க, ஒண்ணு குறையும், இறங்கித் தேடி வருவீங்கன்னு நின்னேன். நீங்க எண்ணலை. அவ ஒவ்வொருத்தரா விரல் நீட்டி எண்ணினா, கடைசியா விரலைத் தன் நெஞ்சுல வெச்சு முப்பத்தெட்டுன்னு கத்தினா. தன்னையும் சேத்து எண்ணிட்டா. என் இடத்துல. நீங்க கொடி காட்டினீங்க.

தண்டவாளம் பாத்துக்கிட்டே வந்த மெஹபூப் அலின்னு ஒரு பெரியவர்தான் ரோடு வரைக்கும் கூட வந்து பஸ் ஏத்திவிட்டார். அச்சு முறுக்கை அவருக்குக் கொடுத்துட்டேன். நல்லா இருக்கும்மான்னார்.

அந்தத் தாள்ல கையெழுத்துப் போடறது உங்க இஷ்டம். இனிமே நான் தடுக்கலை. ஆனா போடறதுக்கு முன்னால ஒரு தடவை வீட்டுக்கு வந்து எங்களை எண்ணிட்டுப் போங்க. யார் சொன்னதையும் கேக்காதீங்க. நீங்களே எண்ணுங்க.

நோரா