கண்ணாடிக் கூரையை மூடியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்

ஹெல்சிங்கோர், டென்மார்க்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மகள் பிரியந்திக்கு,

ஆண்டவரின் தயவில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் டப்ளினில் தடிமன் காய்ச்சல் ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, முழங்கால்தான் இன்னும் சரியில்லை. வியாழக்கிழமை நீ பாதி டெனிசிலும் பாதி தமிழிலும் அழுது, அம்மா அந்தக் கடிதத்தில் கையெழுத்தை வைத்துவிடுங்கோ, வேலைதான் முக்கியம் என்றாய், எனக்குக் கோபம் வந்து தொலைபேசியை வைத்துவிட்டேன். அப்படி வைத்தது பிழை. ஆனால் கோபம் இன்னும் இருக்கிறது. நடந்ததை நான் உனக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

நான் இருபத்திரண்டு வருடமாகத் துப்பரவு செய்கிற துறைமுகத்தடி வீட்டுக்கு நீ சின்னதில் என்னோடு வந்திருக்கிறாய். இப்போது நீ இருக்கிற வீட்டை ஜோர்ஜியன் வீடு என்று, கதவுக்கு மேலே விசிறி மாதிரி விரிந்த கண்ணாடியோடு படம் எடுத்து அனுப்பினாயே, அதைப் பார்த்தவுடனே இது எங்கள் வீட்டின் தங்கச்சி என்று அப்பாவுக்குக் காட்டினேன். அந்தக் காலத்தில் இந்தக் கடலால் போகிற கப்பல் எல்லாம் இங்கே நின்று அரசனுக்கு வரி கட்டவேண்டும், அந்த அலுவல் பார்க்க வந்த ஆங்கிலேய வியாபாரி ஒருவன் 1791இல் தன் ஊர் மாதிரியிலேயே கட்டினது அது. இந்த நாட்டு யன்னல்கள் வெளிப்பக்கம் திறக்கும், அவனுடைய யன்னல்களை மேலே தள்ளித் திறக்கவேண்டும், சட்டத்துக்குள்ளே கயிற்றில் இரும்புக் கட்டி தொங்குவதால் இரண்டு விரலால் தூக்கலாம். முகப்பில் பூவேலை கிடையாது, செங்கல்லும் அளவும் மட்டும்தான், நடுவில் கதவு, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு யன்னல், மேல்மாடிக்குப் போகப் போக யன்னல் சிறிதாகும். உள்ளே முட்டை வடிவில் சுற்றி ஏறுகிற மரப்படி, நடுவில் தூண் இல்லை, ஒவ்வொரு படியும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உச்சியில் அதே வடிவில் ஒரு கண்ணாடிக் கூரை, பகலில் விளக்குப் போடாமலே அடிப்படி வரை வெளிச்சம் வரும். ஆங்கிலேயனுக்குப் பிறகு தபால் கந்தோர், வைத்தியர், வழக்கறிஞர்கள் என்று எத்தனையோ பேர் இருந்தார்கள், ஒருவரும் அந்தப் படியைக் குழப்பவில்லை.

போன வருடம் வீடு கைமாறியது. வாங்கின கொம்பனிக்குப் படியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் லிப்ட் வைக்க ஆசை. ஆனால் அது அரசாங்கம் பாதுகாக்கிற வீடு, ஃப்ரேடெட் என்று உனக்குத் தெரியும்தானே, திருத்தமுடியாதபடி உக்கிப்போனால் ஒழியப் படியைத் தொட விடமாட்டார்கள். ஈஸ்டர் முடிந்து வேலைக்குப் போனேன், கண்ணாடிக் கூரை திறந்து கிடந்தது, மேல்படியெல்லாம் மழைத்தண்ணீர். யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து மூடித் துடைத்தேன். அடுத்த கிழமையும் அப்படித்தான். நான் மூடுவேன், அவர்கள் திறப்பார்கள், ஒன்பது தரம் மூடினேன். பத்தாம் தரம் கொம்பனி மேலாளர் வந்து, காற்றோட்டத்துக்குத் திறந்திருக்கிறோம், நீ தரையை மட்டும் பார் என்றார். மழை வரும் நாளாகப் பார்த்தா காற்றோட்டம்? சுவரோரத்தில் மரம் பஞ்சாகி நகத்தோடு வரத் தொடங்கியிருந்தது. அப்பாவிடம் சொன்னேன். "நாங்கள் வந்து குடியேறின ஆக்கள், உம்மடை வேலை கூட்டுறது, அதோடை நில்லும்" என்றார். இந்த நாட்டுக்கு அகதியாக ஸ்கீவ ஊரில் வந்து இறங்கி முப்பத்தொரு வருடம், இன்னும் எத்தனை வருடத்துக்கு நான் விருந்தாளி என்று கேட்டேன்.

யூன் மாதம் பழைய வீடுகளைப் பாதுகாக்கிற அரசாங்க அலுவலகத்திலிருந்து அன்னா என்று ஒரு பெண் படியைப் பார்க்க வந்தார். இது பழைய ஒழுக்கு, இருபது வருடமாக உக்குகிறது என்று மேலாளர் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறார், நான் வாளியோடு மேலே நிற்கிறேன். வாளியைக் கீழே வைத்தேன். டெனிசில் சொன்னேன், "இருவத்திரண்டு வருசமா இந்தப் படியைத் துடைக்கிறது நான். இது பழைய ஒழுக்கில்லை. ஈஸ்டருக்குப் பிறகு கூரையைத் திறந்து விடுகினம், ஒன்பது தரம் நான் மூடினனான்." வேலை முடிந்ததைக் காட்ட நாங்கள் படம் எடுத்து அனுப்புவது வழக்கம், என் போனில் மார்ச் மாதத்துப் படமும் இருந்தது, படி காய்ந்து மினுங்கிக்கொண்டு. அன்னா வாங்கிப் பார்த்து எழுதிக்கொண்டார், மேலாளர் என்னைப் பார்க்கவேயில்லை.

பிறகு கந்தோருக்குக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார்கள். எனக்கு டெனிஸ் போதாது, கேட்டதைத் தவறாக விளங்கிப் பதில் சொல்லிவிட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்து வைத்தால் வேலை இருக்கும். பிள்ளை, உன் ரீச்சர்மாரோடு இந்த டெனிசில்தான் கதைத்தேன். அப்பாவின் இருதய ஒப்பரேசனுக்கு டொக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டதும் இந்த டெனிசில்தான். அது போதாது என்று நானே எழுதிக்கொடுக்கவேண்டுமாம். பேனையை மேசையில் வைத்துவிட்டு எழும்பி வந்தேன். நீ வை வை என்று அழுதது அந்தக் கையெழுத்துக்குத்தான்.

வெள்ளிக்கிழமை வேலையால் நிற்பாட்டிக் கடிதம் வந்துவிட்டது. தொழிற்சங்கம் எடுத்து நடத்துகிறது, வெல்லுமா தெரியாது, வெல்லாவிட்டாலும் நான் சொன்னது சொன்னதுதான். அன்று பின்னேரம் அன்னா தொலைபேசி எடுத்தார். படியைக் கழற்ற அனுமதி இல்லையாம், உக்கின நாலு படியையும் பழையபடி மரத்தில் திருத்தி, கூரையைப் பூட்டிவைக்க உத்தரவாம். எனக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று அறிக்கையில் துப்பரவுப் பணியாளர் ஒருவர் என்று மட்டும் போடுகிறேன் என்றார். ஆங்கிலேயனின் பெயர் பத்திரங்களில் இருக்கிறதாம், படியைச் செய்த தச்சனின் பெயர் எங்கும் இல்லையாம், அதையும் அவரே சொன்னார். "அப்ப என்ரை பேரைப் போடுங்கோ" என்றேன். மேரிகிறேஸ் றொபேட் என்று எழுத்தெழுத்தாகச் சொல்லி, திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் வைத்தேன். இன்று கோயில் வாசலில் யாரோ என் வேலை போனதைப் பற்றி அப்பாவிடம் விசாரித்தார்கள். அவ சொன்னது சரி என்று அப்பா சொல்கிறார், எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பார்.

மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்திருக்கட்டும், உன் வேலையும் உடம்பும் நன்றாக இருக்கட்டும். உன் கடவுச்சீட்டு ஒக்டோபரில் முடிகிறது, மறந்துவிடாதே. ஹேர்னிங்கில் இருந்து சித்தி கேட்டால் அம்மா ஓய்வெடுக்கிறா என்று மழுப்பவேண்டாம். நிற்பாட்டிவிட்டார்கள் என்று சொல், ஏன் நிற்பாட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா