ஹஸ்ஸான் பெயரில் ஒரு இணைப்பு

21 ஜனவரி 2025
இத்தாவில் நாற்பத்தாறாவது நாள். கணவரை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டக் கூடாது. இவருடைய போஸ்ட்பெய்டு இணைப்பை மூடுவதற்காக, கொழுந்தன் அஹமது கபீர் இறப்புச் சான்றிதழோடு பட்டுக்கோட்டை ஷோரூமுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ஏழு நாளில் கட் ஆகிவிடுமாம். அப்பாடா, ஒரு வேலை ஒழிந்தது.

5 பிப்ரவரி
ஒழியவில்லை. பில் வந்திருக்கிறது, 1,347 ரூபாய். துபாய் ரோமிங்காம்! மனிதர் அதிராம்பட்டினம் கபர்ஸ்தானில் படுத்து இரண்டு மாதம் ஆகிறது.

கஸ்டமர் கேருக்கு போன் போட்டேன். “அக்கவுண்ட் ஹோல்டர்கிட்ட குடுங்க மேடம்” என்றாள் ஒரு பெண். அவர் மவுத்தாகிவிட்டார், இறந்துவிட்டார் என்றேன். “ஓகே மேடம். அவங்க எப்ப ஃப்ரீயா இருப்பாங்க?”

6 பிப்ரவரி
மாமியிடம் சொல்லித் தொலைத்தேன். மகன் போனதிலிருந்து சைத்தூன் பீவிக்கு, கடன் தீராமல் போனவருக்கு கபரில் நிம்மதி இல்லை என்பதைத் தவிர வேறு யோசனையே கிடையாது. “ஜனாஸா அடக்குன அன்னைக்கு கபீர் பள்ளிவாசல்ல எந்திரிச்சு, எங்க ஹஸ்ஸான் காக்கா யாருக்காச்சும் கடன் பாக்கி வச்சிருந்தா எங்கிட்ட வாங்கிக்குங்கன்னு சொன்னானே. ஒருத்தரும் வரலையே. இப்ப வந்துருச்சே!”

“அது கடன் இல்ல மாமி. அவங்க பண்ணுன தப்பு.”

“பேரு போட்டு வந்துருக்குல்ல?”

ஒரு பைசா கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். செய்யாத பயணத்துக்கு யார் கட்டுவது?

7 மார்ச்
மறுபடியும் பில். இந்த முறை 589. மாமி ஒன்றும் கேட்கவில்லை. ஆச்சரியம்.

18 மார்ச்
காரணம் இன்று தெரிந்தது. கபீர் ஷோரூமில் சண்டை போட்டிருக்கிறார். அவர்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “பில் கட்டியிருக்கீங்களே சார். கட்டினா கஸ்டமர் தொடர விரும்புறார்னு அர்த்தம். கேன்சல் ரெக்வெஸ்ட் தானா ரத்தாயிடும்” என்றார்களாம். இனி மனைவியே நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டுமாம்.

கட்டியது யார்? மாமிதான். மக்காவுக்கு உம்ரா போகச் சேர்த்த பணத்தில், பக்கீர் முகம்மது ரீசார்ஜ் கடையில், இரண்டு முறை. எனக்குத் தெரியாமல்.

நோன்போடு இருக்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். “உங்க புள்ளைய நிம்மதியா சாகவிடாம வச்சிருக்கிறது நீங்கதான்!” அவர் தஸ்பீஹ் மணியைக் கீழே வைத்தார். நோன்பு திறக்க வரவில்லை. வாய் தவறிச் சொன்னேன் என்று எழுதினால் பொய். வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

16 ஏப்ரல்
இத்தா முடிந்தது. வெளியே கால் வைத்ததும் எல்லாரும் பெற்ற உம்மா வீட்டுக்குப் போவார்கள். நான் ஷோரூமுக்குப் போனேன். அங்கிருந்த பையன் நான்கு தடவை விரலை அழுத்தச் சொன்னான். “ஏழு நாள் மேடம். அதுவரைக்கும் ஒரு ரூபாகூட கட்டிடாதீங்க.”

ஏப்ரல் பில் 640 நிலுவையில் நிற்கிறது. நிற்கட்டும்.

20 ஏப்ரல், தஞ்சாவூர் ஆஸ்பத்திரி
விடிந்ததும் மாமிக்கு நெஞ்சுவலி. டாக்டர் கபீரைத் தனியாகக் கூப்பிட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார்.

மத்தியானம் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து என்னோடு பேசிய முதல் பேச்சு. “அவன் இன்னும் கடன்காரனாத்தான் இருக்கானா? நான் போயி அவன் மூஞ்சில எப்படிம்மா முழிப்பேன்?”

இணைப்பு கட் ஆக இன்னும் மூன்று நாள். மூன்றே மூன்று நாள்! வராந்தாவில் நின்றுகொண்டு போனையே பார்த்தேன்.

கட்டிவிட்டேன். ‘நிலுவை 0’ என்று வந்ததைக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் அவருக்குப் படிக்க முடியவில்லை, சத்தமாக வாசித்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார். அடுத்த நிமிடமே இன்னொரு மெசேஜ்: அன்புள்ள ஹஸ்ஸான், உங்கள் கோரிக்கை ரத்து செய்யப்பட்டது, எங்களுடன் தொடர்வதற்கு நன்றி. அதை வாசிக்கவில்லை.

2 மே
மாமி பிழைத்துவிட்டார். வீட்டுக்கு வந்தாயிற்று. ஒரு குவளை கஞ்சி குடித்தார்.

இதை எங்கேயும் சொல்ல முடியாது, இங்கேதான் எழுத முடியும். எப்படியும் போய்விடுவார், ஒரே ஒரு தடவைதானே என்று நினைத்துத்தான் அன்றைக்குக் கட்டினேன். இப்போது தெம்பாக உட்கார்ந்து, என் கையால் சாப்பிட்டுவிட்டு, எனக்காகக் கையேந்தி துஆ செய்கிறார்.

திரும்ப எழுதிக் கொடுத்தால் மறுபடி ஏழு நாள். பில் பாக்கி நிற்கும் அந்த ஏழு நாளும் அவர் தாங்குவாரா?

5 மே
பில் வந்தது, 589. மாமி லுஹர் தொழுதுவிட்டு எழுவதற்குள் கட்டிவிட்டேன்.