மேஜரை மாற்ற முடியாதாம்

18 ஜூலை 1981, புதூர்நாடு

போன வருடம் பேத்தி ஸ்டெல்லாவுக்குக் கெமிஸ்ட்ரியில் இடம் கிடைக்கவில்லை. "இப்போ சரித்திரத்துல சேத்துடு அத்த, அடுத்த வருசம் மாத்திக்கலாம்" என்றவன் என் அண்ணன் மகன் சேவியர். என் வீட்டுப் பலாச்சுளையைத் தின்றுகொண்டே சொன்னான்.

இன்று அவள் கல்லூரியில் கேட்டுவிட்டு வந்தாள். மேஜர் பாடத்தை நடுவில் மாற்ற முடியாதாம். மறுபடியும் முதல் வருடத்தில்தான் சேர வேண்டுமாம். சரித்திரத்துக்குத் துணைப்பாடமாகக்கூடக் கெமிஸ்ட்ரி கிடையாதாம்.

சேவியரைப் போய்க் கேட்டேன். "இன்னா அத்த, நான் எப்போ அப்டி சொன்னேன்? வயசாயிடுச்சு உனக்கு" என்றான். இனி என் வீட்டில் அவனுக்குத் தண்ணீர்கூடக் கிடையாது.

"வுடு ஆயா, சரித்திரமே படிச்சிட்டுப் போறேன்" என்று ஸ்டெல்லா சாப்பிட உட்கார்ந்தாள். சோற்றில் கை வைத்தபடியே வெகுநேரம் இருந்தாள். அழுதிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.