ஆஸ்பத்திரிக்குப் போவமா என்று நீ கேட்டது

என் பிரியமுள்ள கிருபாவுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. இன்னும் எனக்கு அழுகை வரவில்லை. அடக்கத்தன்று சபையார் என்னைப் பார்த்து, கர்த்தர் இவருக்கு எப்பேர்ப்பட்ட சமாதானத்தைக் கொடுத்திருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். சமாதானமெல்லாம் இல்லை கிருபா. மரத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான். நேற்று கொதிக்கக் கொதிக்க டீயை வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டேன். கடைக்காரர்தான் பதறினார். நாக்கு பொத்துப்போனது எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

இதைத் தேனி பக்கம் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில், ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆஸ்பத்திரி என்றதும் நீ முகத்தைச் சுளிப்பாய். எனக்கு ஒன்றும் இல்லை. நம் மகள் ஜெபாவுக்காக வந்திருக்கிறேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கேள். உனக்கு மட்டும் எழுதி மடித்து வைக்க முடியாத விஷயம் இது. மற்றவர்களும் படிக்கட்டும்.

படிக்கிறவர்களுக்கு நம் சபையைப் பற்றித் தெரியாது. நாம் மருந்து தொடாதவர்கள். வியாதி வந்தால் ஜெபம், உபவாசம், எண்ணெய் பூசுதல். அதற்கு மேல் கர்த்தர் பார்த்துக்கொள்வார். ஞானஸ்நானம் எடுக்கிற குடும்பம், வீட்டில் இருக்கிற மாத்திரை மருந்தையெல்லாம் ஒரு பையில் பொறுக்கிக் கொண்டுவந்து, ஜெபவீட்டுக்குப் பின்னால் குழி தோண்டிப் போட்டு மண்ணைத் தள்ளிவிட வேண்டும். நாமும் போட்டோம். நான் மட்டும் தலைவலித் தைலம் ஒன்றைத் தோட்டத்து மோட்டார் ரூமில், ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே ஒளித்து வைத்திருந்தேன். இரண்டாம் நாளே நீ மோப்பம் பிடித்துவிட்டாய். மூடின குழியை என்னையே திரும்பத் தோண்ட வைத்து அதையும் போட வைத்தாய். பாஸ்டர் ஐயாவே சிரித்துவிட்டார்.

நம் வீட்டில் விசுவாசத்தில் கெட்டி நீதான். நான் உன் பின்னால் வந்தவன். உனக்குக் காய்ச்சல் வந்தால் நீ பாடுவாய், எனக்குக் காய்ச்சல் வந்தால் நான் முனகுவேன். கல்யாணமான நாளிலிருந்து எந்த முடிவையும் நீ எடுத்து நான் தலையாட்டித்தான் பழக்கம். திராட்சைப் பந்தலில் எந்தக் கொடியை வெட்ட வேண்டும் என்று கூட உன்னைக் கேட்டுத்தான் கத்தரிக்கோலை எடுப்பேன்.

வருசநாட்டுக்கு ஒரு அடக்கத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பினோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சகோதரியைக் கடைசி நேரத்தில் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். விசுவாச ஓட்டத்தின் முடிவில் தவறிவிட்டாள் என்று வந்தவர்கள் கிசுகிசுத்தார்கள். அது உன்னை ரொம்பவே உலுக்கிவிட்டது. ஜன்னலைப் பார்த்தபடி வந்தவள், திடீரென்று என் கையைப் பிடித்தாய்.

"நோவு முத்தி, நானே வாயத் தொறந்து ஆஸ்பத்திரின்னு கேட்டாலும் கூட்டிட்டுப் போயிராதீக மாமா. அது நான் கேக்குறது இல்ல. சோதிக்கிற சாத்தான் கேக்குறது. எனக்கு வாக்குக் குடுங்க."

சபையில் சத்தியம் பண்ணக் கூடாது என்றுதானே சொல்லியிருக்கிறார்கள் என்று கிண்டல் செய்தேன். நீ கையை விடவில்லை. சரி என்று தலையை ஆட்டினேன். அப்புறம் சின்னமனூர் வருகிற வரைக்கும் என் தோளில் சாய்ந்து தூங்கினாய்.

அறுந்து கிடந்த பந்தல் கம்பிதான் உன் காலைக் கிழித்தது. சின்னக் கீறல். மஞ்சள்கூட வைக்கவில்லை நீ. நாலாம் நாள் பாதம் வீங்கியது, ஆறாம் நாள் கறுத்தது, காய்ச்சல் கொதித்தது. உன் தம்பி செல்வம் குமுளிக்கு ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப்பை அப்படியே திருப்பிக்கொண்டு நம் வாசலுக்கு வந்துவிட்டான். அவன் சபைக்கு வராதவன், சாமி கும்பிடுகிறவன். உள்ளே வந்து உன் காலைப் பார்த்தான். என்னை வெளியே கூப்பிட்டான்.

"திராச்சைக்குச் சாம்பல் நோய் வந்தா ஒரு நா பொறுக்க மாட்டீக மச்சான். டேங்கைத் தூக்கி முதுகுல மாட்டிக்கிட்டு மருந்தடிக்கக் கெளம்பிருவீக. எங்க அக்கா செடியவிடக் கேவலமாப் போச்சா?"

நான் உள்ளே திரும்பிவிட்டேன். அவன் ஜீப்பை எடுக்காமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான்.

அன்றைக்கு மத்தியானம் நீ கேட்டாய். வெயில் ஜன்னல் வழியாக உன் போர்வை மேல் விழுந்திருந்தது. முதலில் மோட்டாரை நிறுத்தியாச்சா என்று கேட்டாய். நிறுத்திவிட்டேன் என்றேன். செல்வம் சாப்பிட்டானா என்றாய். இல்லை என்றேன். அப்புறம் இதைக் கேட்டாய்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமா மாமா?"

புத்தி தடுமாறிக் கேட்கவில்லை நீ. மோட்டாரைக் கேட்டவள், தம்பி சாப்பாட்டைக் கேட்டவள், அதே குரலில்தான் இதையும் கேட்டாய். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும், பஸ்ஸில் நீ சொன்னதுதான் என் காதில் நின்றது. இதோ வந்துவிட்டான் சோதிக்கிறவன் என்று நினைத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உன் கையைப் பிடித்துக்கொண்டு, இது சோதனை கிருபா, இதைத் தாண்டிவிட்டால் போதும் என்றேன்.

நீ என் முகத்தையே பார்த்தாய்.

"சரி மாமா" என்றாய்.

அதற்கப்புறம் நீ கேட்கவே இல்லை. அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மறைக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். வாழ்க்கையில் முதல்தடவையாக நான் உன்னைத் தாங்கிப் பிடித்துவிட்டேன், உன்னைவிட ஒரு படி மேலே நின்றுவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் காலையில் நீ போய்விட்டாய். செல்வம் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல், உன்னை ஜெபவீட்டுக்கு ஏற்றிப்போக அதே ஜீப்பைத்தான் எடுத்துவந்து நிறுத்தினான்.

கடைசி வரைக்கும் ஒரு மாத்திரை தொடாதவள் என்று உன்னைச் சொன்னார்கள். மனைவியைத் தடுமாற விடாத நீதிமான் என்று என்னைச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லச் சொன்னார்கள். எழுந்து நின்று, அவள் கடைசி மட்டும் உறுதியாக இருந்தாள் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். முன்வரிசையில் ஜெபா, ஏழாம் மாதத்தை எட்டப்போகிற வயிற்றோடு, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

அதற்கடுத்த வாரமே பாஸ்டர் ஐயாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை கிருபா. தன் மகனை நாலு வயதில் மருந்தில்லாமல் காய்ச்சலுக்கு ஒப்புக்கொடுத்த மனுஷன் அவர், உனக்குத்தான் தெரியுமே. நீ கேட்டாய் என்பது வெளியே தெரிந்தால் புதிதாக வந்த விசுவாசிகள் இடறிப்போவார்கள், மனதோடு வைத்துக்கொண்டு ஜெபியுங்கள் என்றார். நான் செய்தது தவறு என்றால், அவர் தன் பிள்ளைக்குச் செய்தது என்ன? அதை நான் கேட்கவில்லை. வழக்கம்போல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

போன வாரம் மருமகன் ஜெயமங்கலத்திலிருந்து போன் பண்ணினார். ஜெபாவுக்குக் கால் வீங்கி, முகம் வீங்கி, ரெண்டு நாளாகக் கண் முன்னால் பூச்சி பறக்கிறதாம். கிராமத்து நர்ஸம்மா வந்து பிரஷர் பார்த்துவிட்டு இப்பவே கிளம்பு என்று சொல்லியிருக்கிறார். இவள் நர்ஸம்மாவுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். நீங்க சொன்னாத்தான் மாமா கேப்பா என்றார் மருமகன். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பார்க்க உன்னை மாதிரியே இருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"நீங்க பயப்படாதீகப்பா. அம்மா தாண்டுச்சுல்ல, நானும் தாண்டிருவேன்" என்றாள்.

பயப்படவில்லை கிருபா. அதுதான் வேதனை. எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. பாஸ்டர் ஐயாவுக்குக் கொடுத்த வார்த்தை இருந்தது, உனக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. இரண்டையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். அடுத்துச் செய்ததுதான், யாரிடமும் உத்தரவு கேட்காமல் நான் செய்த முதல் காரியமாக இருக்கும். அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா தாண்டலை ஆத்தா. ஆஸ்பத்திரிக்குப் போவமான்னு எங்கிட்டக் கேட்டா. நல்ல புத்தியோடதான் கேட்டா. நாந்தான் கூட்டிட்டுப் போகல."

மருமகன் வாசலில் நின்றவர் அப்படியே நின்றார். ஜெபாவின் சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"திரும்பக் கேட்டுச்சா?"

இல்லை, நான் வேண்டாம் என்று சொன்னதால் கேட்கவில்லை என்றேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் கை நீட்டினேன், பிடிக்கவில்லை. புருஷனைப் பார்த்து, ஆட்டோ கூப்பிடுங்க என்றாள்.

இப்போது அஞ்சு நாளாக இங்கே இருக்கிறாள். ஊசியும் மாத்திரையும் போகிறது. பிரஷர் இறங்கியிருக்கிறது, பிள்ளைக்குத் துடிப்பு நன்றாக இருக்கிறது, ஆனாலும் பிரசவம் வரை விட மாட்டோம் என்று டாக்டரம்மா சொன்னார். செல்வம் தினமும் சாப்பாடு கொண்டுவருகிறான். எனக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போகிறான், முகத்தைப் பார்ப்பதில்லை. ஜெபா என்னோடு பேசவில்லை. வார்டு வாசலில் என் தலை தெரிந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். இனி எப்போதாவது பேசுவாளா? தெரியவில்லை. பேசாமல் உயிரோடு இருக்கட்டும்.

இங்கே சும்மா உட்கார்ந்திருக்கும்போது யோசிக்கிறேன். கீழ்ப்படிதல், கீழ்ப்படிதல் என்று எத்தனை வருஷம் சொல்லியிருப்போம். நான் யாருக்குக் கீழ்ப்படிந்தேன்? கர்த்தருக்கு என்றால் அவர் என்னிடம் அப்படி ஒரு நாளும் பேசவில்லையே. பஸ்ஸில் திடகாத்திரமாக உட்கார்ந்திருந்த உனக்குக் கீழ்ப்படிந்தேன், கட்டிலில் கிடந்த உனக்குக் கீழ்ப்படியவில்லை. சோதனை அன்றைக்கு வந்தது உண்மைதான். அது உன் கட்டிலுக்கு வந்தது என்று நினைத்தேன். முழங்கால் போட்டிருந்த என்னிடம்தான் வந்திருக்கிறது. நல்லவன் என்ற பெயரா, நீயா என்று கேட்டிருக்கிறது. எனக்கு அது விளங்கவில்லை.

கர்த்தரை நான் விடவில்லை கிருபா, நீ கவலைப்படாதே. ஜெபிக்க வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை, அதனால் அவர் முன்னால் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். உன்மேல்கூடக் கொஞ்சம் கோபம் இருக்கிறது. ஏன் இன்னொரு தடவை கேட்கவில்லை? ஒரு அதட்டு அதட்டியிருந்தால் நான் எழுந்து ஓடியிருப்பேனே. முப்பது வருஷமாக என்னை அதட்டியவள், அன்றைக்குப் பார்த்து ஏன் எனக்குக் கீழ்ப்படிந்தாய்?

வருகிற ஞாயிறு சபைக்குப் போகிறேன். சாட்சி நேரத்தில் எழுந்து நிற்பேன். நீ கேட்டாய் என்று சொல்வேன். தெளிவாகக் கேட்டாய் என்று சொல்வேன். நீ தவறிப்போகவில்லை, வலித்தது, அதனால் கேட்டாய், கட்டினவனிடம்தானே கேட்டாய் என்று சொல்வேன். அப்புறம் அவர்கள் என்னை வைத்துக்கொள்வதும் வெளியே அனுப்புவதும் அவர்கள் இஷ்டம். நீ 'சரி மாமா' என்றதைச் சொல்கிற இடத்தில் எனக்குக் குரல் வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால், வருகிற வரைக்கும் நின்றுகொண்டே இருப்பேன். உட்கார மாட்டேன், இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

நீ கேட்டும் கூட்டிப்போகாத,
உன் மாமா