செடி குடித்த தண்ணீர்

அண்ணா, காலை மணி ஐந்தே முக்கால். பேக்கரி வேலைக்குக் கிளம்புகிறேன்.

மூத்திரக் குழாய்ப் பையைக் காலி செய்துவிட்டேன். கட்டில் கம்பியில், இடுப்புக்குக் கீழே மாட்டியிருக்கிறேன். தூக்கி மெத்தைமேல் வைக்காதே. குழாய் தொடைக்கடியில் மடங்காமல் பார்த்துக்கொள். பத்து மணிக்கு நர்ஸ் வருவார். சாவி பக்கத்து வீட்டில்.

நேற்றுப் பையில் கொஞ்சம்தான் இருந்தது, அதுவும் பால் விடாத டீ நிறத்தில். கட்டிலோர ஜன்னலில் செடி மட்டும் வெள்ளத்தில் நின்றது. எனக்கு வேலை வைக்கக்கூடாதென்று உன் தண்ணீரை அதற்கு ஊற்றியிருக்கிறாய். தண்ணீர் குறைந்து குழாய் அடைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரிதான். செடியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்விட்டேன்.

பின்குறிப்பு: ராத்திரி கேட்டதுதான். மறுபடியும் கேட்கிறேன்.

"எனக்குக் கால் உடைஞ்சப்போ பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போனது நீதானே அண்ணா? அதுக்காக நான் தண்ணி குடிக்காமலா இருந்தேன்?"