இரண்டு லீற்றரும் மூன்றரை லீற்றரும்

அன்புவழிபுரம்,
திருகோணமலை.
ஞாயிறு, பூசை முடிந்து வந்த பின்னர்.

என் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய கணவர் சிறில் அவர்கட்கு,

ஆண்டவருடைய இரக்கத்தினால் நானும் மகள் லதுஷாவும் சுகமாயிருக்கிறோம். டோஹாவின் வெயில் உங்களை அதிகம் வருத்தாதிருக்க வேண்டுமென்று இன்றைய பூசையிலும் மன்றாடினோம்.

நாள்தோறும் தொலைபேசியில் கதைப்பவர்களுக்குள் கடிதம் எதற்கு என்று நீங்கள் வியக்கக்கூடும். கப்பல்துறை மதுசன் விடுமுறை முடிந்து வியாழக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்பும் மிளகாய்த்தூளோடும் கருவாட்டோடும் இதனையும் வைக்கிறேன். உண்மையான காரணம் வேறு. உங்கள் குரலைக் கேட்டவுடன் எல்லாம் சரி என்று சொல்லிவிடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. தாளில் அவ்விதம் எழுத என் கை மறுக்கிறது.

ஐந்து கிழமைகளுக்கு முன்னர் நீங்கள், "இஞ்சரும், லொறி உவர்மலை ஏறினதோ?" என்று கேட்டீர்கள். "ஓம், ஏறினது" என்றேன். அது பொய். லொறி ஏறவில்லை. பதற வேண்டாம், ஒருவருக்கும் காயமில்லை, இப்போது லொறி ஏறுகிறது. இதனை முதலில் எழுதிவிட்டேன். இனி நடந்தவற்றை ஒழுங்காக எழுதுகிறேன்.

நமக்குள் நடந்த வாதத்தைத் திரும்பவும் எழுதுவதற்குப் பொறுத்தருள்க. இரண்டு தொன் மீனையும் ஐஸையும் ஏற்றிக்கொண்டு மாத்தளைக்கு அப்பால் பலகடுவை ஏற்றத்தைத் தாண்டக்கூடுமாயின், கண்டிக்கு மீன் கொண்டுபோகும் வேலையை நமக்கே தருவதாக மீன் முதலாளி குணரத்தினம் சொன்னார். அந்த வேலை கிடைத்தால் நீங்கள் ஊரோடு இருக்கலாம். நமது லொறியில் இருந்ததோ இரண்டு லீற்றர் கொள்ளளவுள்ள இயந்திரம். அப்போது நீங்கள், "அந்தச் சின்னனைப் போட்டு வருத்தாதையும். பெரிசு ஒண்டு வாங்குவம், நான் இன்னும் ரெண்டு வருசம் இஞ்ச நிண்டால் சரிதானே" என்றீர்கள். அவ்வாக்கியத்தின் பிற்பாதியை ஏற்க மனம் இல்லாமையால் முற்பாதியையும் மறுத்தேன். அன்று இதனைச் சொல்லவில்லை. கணக்கைக் காட்டித்தான் வாதாடினேன்.

கணக்கில் பிழையில்லை. இழுவையைச் சுழற்சியால் பெருக்க வருவது பரிவலு, அதாவது குதிரைவலு. பெரிய இயந்திரம் ஆறுதலாகச் சுழன்று தருகின்ற வலுவைச் சிறியது விரைந்து சுழன்று தரும். எந்தத் தொழில்நுட்பக் கல்லூரிப் படியும் ஏறாமல், ஆங்கிலக் கைநூல்களை அகராதியின் துணையோடு வாசித்துக் கற்றவள் நான். இந்தச் சமன்பாட்டை என் பெயரைப் போல அறிவேன். நான்கு பிஸ்டன்களையும் நகைக்கடைத் தராசில் நிறுத்து, தேய்த்துத் தேய்த்து ஒரே எடைக்குக் கொண்டுவந்தேன். வால்வுகளுக்குக் கடினமான சுருள்வில் இட்டேன். டீசல் பம்பைத் திருத்தி, நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றோடு நின்ற இயந்திரத்தை ஐயாயிரத்து இருநூறுக்கு ஏற்றினேன்.

பின்பு, நமது கராஜில் வள்ளத்து இயந்திரங்களை எவ்வாறு சோதிப்போமோ அவ்வாறே சோதித்தேன். பின்வளவுத் தண்ணீர்த் தொட்டியில் வள்ளத்தைத் தள்ளும் விசிறியை இறக்கி, இயந்திரத்தோடு பொருத்தி, மூன்று மணித்தியாலம் முழு வேகத்தில் ஓடவிட்டேன். ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை. நமது சாரதி அலியார் நானா மூதூரிலிருந்து வந்து காது கொடுத்துக் கேட்டார். "இது பாட்டுப் படிக்கிற எஞ்சின் தங்கச்சி. சாமான் சுமக்குமா எண்டுதான் தெரியல்ல" என்றார். எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் கணக்குப் படிக்கவில்லை நானா என்று சொன்னேன். அவ்வாறு சொல்லியிருக்கக் கூடாது.

மீனுக்குப் பதிலாக இரண்டு தொன் மணல் மூடைகளை ஏற்றிக்கொண்டு, ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க நம் ஊர் உவர்மலைக்குப் போனோம். அடிவாரத்திலிருந்தே வேகமெடுத்து அழகாக ஏறிக்கொண்டிருந்தது. பாதி வழியில் புள்ளிமான் ஒன்று றோட்டின் நடுவே வந்து நின்றது. நம் ஊர் மான்கள் கோர்ன் அடித்தால் நகர்வனவா? அலியார் நானா நிறுத்தினார். மான் போன பிறகு லொறியை எடுக்க முடியவில்லை. வேகம் குறைந்த இயந்திரத்தில் இழுவையே இல்லை. வேகத்தைக் கூட்டிக் கிளச்சை விட்டால் கிளச் கருகிப் புகைந்தது. மூன்றாவது முறை எடுத்தபோது பிறேக்கும் பிடிமானம் இழந்து, லொறி பின்னோக்கி உருண்டு, றோட்டோர வடிகானின் கட்டிலே சில்லு இடித்து நின்றது. கான் கட்டு இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்குமென்று எழுத நான் விரும்பவில்லை.

அலியார் நானா இறங்கி, சில்லுக்குக் கல் வைத்துவிட்டு, "மானுக்குப் பயமில்ல தங்கச்சி. எனக்குத்தான் கால் நடுங்குது" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்று மாலையே நீங்கள் அழைத்தீர்கள். நான் பொய் சொன்னேன். நீங்கள் அதனை நம்பி, "அப்ப நான் கம்பனித் தாளில கையெழுத்து வைக்கேல்லை, வாறன்" என்றீர்கள். உங்கள் குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சியை நான் நான்கு வருடங்களாகக் கேட்கவில்லை. அதன் பின் உண்மையைச் சொல்ல என்னால் ஏலாமற் போயிற்று.

என் தவறு என்னவென்று இரண்டு நாள் தொட்டியின் முன்னால் நின்று பார்த்த பிறகே விளங்கியது. விசிறி மெதுவாகச் சுழலும்போது தண்ணீர் அதனை எதிர்ப்பதேயில்லை. வேகம் ஏற ஏறத்தான் பாரம் ஏறும். ஆகவே வள்ளத்துக்கு அடிவேகத்தில் இழுவை இல்லாவிடினும் குறையில்லை. கடலில் ஏற்றமும் இல்லை, ஏற்றத்தின் நடுவில் நின்று எடுக்கும் தேவையும் இல்லை. துறைமுகத்து இயந்திரங்களோடு இருபது வருடம் பழகியவள், லொறியையும் கடலில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

அலியார் நானாவின் மைத்துனர் முனீப் என்பவரின் நெல் ஆலை மூதூரில் இருக்கிறது. ஆலைக்கு மின்சார மோட்டர் வந்த பின்னர், முன்னர் அதனை இயக்கிய பழைய லொறி இயந்திரம் சாக்குப் போர்த்திக் கிடந்தது. மூன்றரை லீற்றர். திறந்து பார்த்தேன், தேய்மானம் குறைவு. முனீப், "இவர் அவசரப்பட மாட்டார் ராத்தா. ஆனா எழும்பினா யாரும் இருத்த ஏலாது" என்றார். அவருக்கு விரிகுடாவில் ஆட்களை ஏற்றும் வள்ளமொன்று உண்டு. நான் கட்டிய இரண்டு லீற்றர் இயந்திரத்தை அதில் பொருத்திக் காட்டினேன். வள்ளம் பறந்தது. அவர் இறங்கியவுடன் மாற்றிக்கொள்ளுவோமா என்று அவரே கேட்டார். என் இயந்திரம் தனக்குரிய இடத்துக்குப் போயிற்று என்று எழுதுகையில் என் பெருமைக்குச் சற்று ஆறுதலாகவும் இருக்கிறது, நீங்கள் சிரிப்பீர்கள்.

மூன்றரை லீற்றர் பெரியவரை லொறியில் இருத்துவதற்கு லொறிச் சட்டகத்தின் குறுக்குக் கம்பியை வெட்டி, றேடியேற்றரை நான்கு அங்குலம் முன்னே தள்ள வேண்டியிருந்தது. கிளச்சும் பிறேக்கும் புதியன. இயந்திர இலக்க மாற்றமும் பதிவாகிவிட்டது.

கடந்த வெள்ளிக்கிழமை குணரத்தினம் முதலாளியின் மீனோடு கண்டிக்குப் போனோம். நானும் கூடப் போனேன். பலகடுவை வளைவில் முன்னால் ஒரு பஸ் நின்றது. நாங்களும் நின்றோம். நான் செபமாலையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் நகர்ந்தது, அலியார் நானா கிளச்சை விட்டார், லொறி ஒரு அங்குலம்கூடப் பின்னே போகாமல் எழுந்து நடந்தது. ஏற்றங்களில் வாய் திறவாத அந்த மனிதர், மூன்றாம் கியரில் ஏறியபடியே தன் மகளின் கலியாணத்துக்கு எத்தனை கிடாய் வேண்டுமென்று என்னோடு கதைக்கத் தொடங்கினார். அப்போதுதான் ஐந்து கிழமைகளின் பின் என் தோள்கள் இறங்கின. முதலாளி திங்கள் முதல் வேலையை உறுதியாகத் தந்துவிட்டார்.

லதுஷாவுக்குக் கணிதத்தில் எண்பத்தொன்று. குசினிக் கூரைத் தகடு மாற்றியாயிற்று.

பெரிய இயந்திரம்தான் வேண்டுமென்று நீங்கள் சொன்னது சரி. இதை எழுத எனக்கு இத்தனை பக்கங்கள் தேவைப்பட்டன. அதற்காக இரண்டு வருடம் வேண்டுமென்று சொன்னது மட்டும் சரியன்று. இன்னும் இரண்டு வருடம் நிற்பதற்கான உங்கள் கம்பனித் தாளில் கையெழுத்து வைக்க முப்பதாம் திகதி வரை தவணை உண்டு. பொய்யை நம்பி வந்துவிட்டதாக நீங்கள் பின்னர் எண்ணக் கூடாதென்றே, அதற்கு முன் உண்மை உங்கள் கையில் கிடைக்கும்படி அனுப்புகிறேன். கோபப்படுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் வந்து கோபப்படுங்கள்.

நீங்கள் வந்திறங்கும் நாளில், கண்டியில் மீனை இறக்கிவிட்டு அப்படியே உங்களை ஏற்றக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வருவோம். லொறியைக் கழுவினாலும் வாசனை முற்றாகப் போகாது. முன் இருக்கையில் மூவர் நெருக்கித்தான் இருக்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

புனித அந்தோனியார் உங்கள் வழித்துணையாய் வருவாராக.

உங்கள் கோபத்துக்கும் வருகைக்கும் காத்திருக்கும்,
எல்சி சிறில்